உள்ளாட்சியில் மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பும் தொழில்நுட்பமும்

உள்ளாட்சிப் பங்கேற்பு என்பது ஓர் ஊரில் வாழும் மக்கள் அந்த ஊரின் நிர்வாகத்தில் கலந்துகொள்வதைக் குறிக்கும். தேர்தலில் வாக்களிப்பது, போட்டியிடுவது, கிராம சபைக்குச் சென்று பேசுவது, வரவு செலவுக் கணக்கைக் கேட்பது, குறைகளை மனுவாகக் கொடுத்துப் பதில் பெறுவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இவற்றை மாற்றுத்திறனாளிகளும் பிறரைப் போலவே செய்வதற்கு எவை தடையாக நிற்கின்றன, அத்தடைகளை நீக்கத் தொழில்நுட்பம் எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே உதவாமல் போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தையும் தமிழ்நாட்டின் நடைமுறையையும் ஒட்டித் தரப்பட்டுள்ளன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அந்தக் கணக்கெடுப்பு குறைபாடுகளை 8 வகைகளாக மட்டுமே பிரித்தது. பின்னர் வந்த 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு வசதி நல்ல வசதியா என்று அறிய மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் காரியத்தை அவர் தாமே செய்ய முடிகிறதா? மற்றவர்கள் செய்யும் அதே நேரத்தில் செய்ய முடிகிறதா? இரகசியமாகச் செய்ய வேண்டியதை இரகசியமாகவே செய்ய முடிகிறதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் கிடைத்தால் அது பங்கேற்பு. இல்லையென்றால் வேறொருவர் அவருக்காகப் பங்கேற்கிறார் என்றுதான் பொருள். பின்வரும் பகுதிகளில் ஒவ்வொரு வசதியையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

மூன்று தேர்தல்கள், இரண்டு ஆணையங்கள்

முதலில் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேடசந்தூரில் வாழும் ஒரு வாக்காளர் சட்டமன்றத்துக்கு வேடசந்தூர் தொகுதியிலும், மக்களவைக்குக் கரூர் தொகுதியிலும் வாக்களிக்கிறார். இவ்விரண்டு தேர்தல்களையும் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊருக்குள் வாழ்பவர் வேடசந்தூர் பேரூராட்சிக்கும், சுற்றுக் கிராமங்களில் வாழ்பவர் தம் ஊராட்சிக்கும் வாக்களிக்கின்றனர். இந்த உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்.

இந்த வேறுபாடு தெரியாததால் பலர் ஏமாற்றமடைகின்றனர். மக்களவைத் தேர்தலில் கிடைத்த ஒரு வசதி ஊராட்சித் தேர்தலிலும் தானாகவே கிடைக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். ஆணையங்கள் வேறு, விதிகளும் வேறு. எந்த வசதியை யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்பதற்குப் பலன் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை உறுதிசெய்தது. அதன் 29-ஆவது உறுப்பு, அரசியல் வாழ்விலும் பொது வாழ்விலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. இரகசிய வாக்குரிமையையும், தேவையான இடத்தில் துணைத் தொழில்நுட்பங்களைப் பயன்படுத்துவதையும் அது குறிப்பிடுகிறது.

இந்த உடன்படிக்கையை ஒட்டி இயற்றப்பட்டதே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இதன் 11-ஆவது பிரிவு முக்கியமானது. எல்லா வாக்குச்சாவடிகளும் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும். தேர்தல் தொடர்பான எல்லாப் பொருள்களும் அவர்களுக்கு எளிதில் புரியக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இந்தப் பொறுப்பை இந்தியத் தேர்தல் ஆணையத்தின் மீது மட்டுமன்றி மாநிலத் தேர்தல் ஆணையங்கள் மீதும் அது சுமத்துகிறது. ஆகவே ஊராட்சித் தேர்தலில் வசதி கேட்பவர் சலுகை கேட்கவில்லை, சட்டத்தில் எழுதப்பட்டதையே கேட்கிறார்.

உச்ச நீதிமன்றமும் அண்மையில் இரண்டு முக்கியத் தீர்ப்புகளை வழங்கியுள்ளது. 2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மைக்கான விதிகள் விருப்பப்பட்டால் பின்பற்றும் வழிகாட்டுதல்களாக இருக்கக் கூடாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று கூறியது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறியது. அந்த வழக்கின் பின்னணி எண்ணிப் பார்க்கத்தக்கது. அமில வீச்சால் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவரிடம், உயிருள்ளவர் என்பதை மெய்ப்பிக்கக் கண்ணைச் சிமிட்டிக் காட்டும்படி வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு முறை கேட்டது. கதவைத் திறக்க வேண்டிய தொழில்நுட்பமே கதவை அடைத்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற தவறான எண்ணம் ஊர்களில் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 16-ஆவது பிரிவின்படி, தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று ஒருவரை மனநலம் குன்றியவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே அவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க இயலாது. மருத்துவச் சான்றோ குடும்பத்தாரின் கருத்தோ அதற்குப் போதாது.

வாக்குச்சாவடியில்

பார்வையற்றவர்கள் தாமே வாக்களிக்கும் வகையில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 2004-இல் ஆந்திராவின் ஆசிப் நகர் இடைத்தேர்தலில் இது சோதனை முறையில் பயன்படுத்தப்பட்டது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. வேட்பாளர்களின் வரிசை அச்சிட்ட பிரெய்ல் தாள் வாக்குச்சாவடியில் இருக்கும். வாக்காளர் அதைத் தடவிப் படித்துத் தாம் விரும்பும் வேட்பாளரின் வரிசை எண்ணை அறிந்துகொள்வார். பின்னர் இயந்திரத்தில் அதே எண்ணைத் தொட்டுணர்ந்து பொத்தானை அழுத்துவார்.

பிரெய்ல் படிக்கத் தெரியாதவர்களும், கைகளைப் பயன்படுத்த இயலாதவர்களும் துணைவர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். 1961 ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49என் விதி இதை அனுமதிக்கிறது. துணைவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரே நாளில் ஒரு வாக்காளருக்கு மேல் துணைவராக இருக்க முடியாது. வாக்கின் இரகசியத்தைக் காப்பதாக அவர் உறுதிமொழி தர வேண்டும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தாலும், வாக்கு எங்கே விழுந்தது என்பது துணைவருக்குத் தெரியும். துணைவர் சொன்னபடி செய்தாரா என்பது வாக்காளருக்குத் தெரியாது. நமது மூன்று கேள்விகளில் முதலாவதும் மூன்றாவதும் இங்கே அடிபட்டுப் போகின்றன.

ஒப்புகைச் சீட்டு இயந்திரம் வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பார்வையுள்ளவர் தாம் அளித்த வாக்கைக் கண்ணாடி வழியாக 7 விநாடிகள் பார்த்து உறுதிசெய்துகொள்கிறார். பார்வையற்றவருக்கு அந்த உறுதி கிடைப்பதில்லை. அச்சீட்டைக் காதணி வழியாகக் குரலில் சொல்லும் ஏற்பாடு இருந்தால் இந்தக் குறை தீரும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் காதணியும் தொட்டறியும் பொத்தான்களும் கொண்ட வாக்குப்பதிவுக் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன.

ஊரக உள்ளாட்சித் தேர்தல் வேறு வகையானது. 2019 டிசம்பரில் திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் வாக்குச்சீட்டு முறையே இருந்தது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நான்கு பதவிகளுக்கு நான்கு நிறச் சீட்டுகள் தரப்பட்டன. நிறத்தைக் கொண்டு பதவியை அறிவது பார்வையுள்ளவர்களுக்கு எளிது. பார்வையற்றவருக்கோ நான்கும் ஒரே தாள்தான். சட்டமன்றத் தேர்தலில் பிரெய்ல் எண்ணைத் தடவித் தாமே வாக்களித்தவர், தம் தெருவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது துணைவரை நம்ப வேண்டியிருந்தது.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. சியரா லியோன், கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் வாக்குச்சீட்டை வைத்துச் செருகும் அட்டை உறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் நேராக அந்த அட்டையில் ஒரு துளை இருக்கும். துளையின் அருகே தொட்டறியும் புள்ளிகள் இருக்கும். வாக்காளர் துளைகளை எண்ணிக்கொண்டே வந்து தம் குறியை இடுவார். இந்த முறைக்கு ஓர் அட்டையும் துளையிடும் கருவியும் போதும். நான்கு சீட்டுகளையும் பிரித்தறிய ஒவ்வொன்றின் மூலையிலும் வெவ்வேறு வெட்டு இருந்தாலே போதுமானது. தொழில்நுட்பம் என்றதும் கைப்பேசியும் கணினியும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. துளையிட்ட அட்டையும் தொழில்நுட்பமே.

வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியும் இப்போது உண்டு. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்களும் 85 வயது நிறைந்தவர்களும் 12டி படிவம் கொடுத்து அஞ்சல் வாக்கு கேட்கலாம். தேர்தல் அலுவலர்கள் வீட்டுக்கு வந்து வாக்கைப் பெற்றுச் செல்வர். 2024 மக்களவைத் தேர்தலில் இது நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தப்பட்டது. தேர்தல் ஆணையத்தின் 'சக்ஷம்' செயலி வழியாக மாற்றுத்திறனாளி என்று பதிவுசெய்யவும் சக்கர நாற்காலி போன்ற உதவிகளைக் கேட்கவும் முடியும். இவை இந்தியத் தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வீட்டு வாக்கு விருப்பத்தின் பேரில்தான். வாக்குச்சாவடிக்கே சென்று வாக்களிக்க விரும்பும் ஒருவரிடம் 'உங்களுக்குத்தான் வீட்டிலேயே வசதி இருக்கிறதே' என்று சொல்லிச் சாய்தளம் கட்டாமல் விடுவது சட்டத்துக்கு முரணானது.

கிராம சபை: அழைப்பு எல்லோரையும் எட்டுகிறதா?

தேர்தல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாள்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல், ஊரக வேலைத் திட்டப் பணிகள், குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சியின் வரவு செலவு ஆகியவை அங்கே பேசப்படுகின்றன. மாற்றுத்திறனாளியின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொடும் முடிவுகள் இவை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் கிராம சபையே மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் இடமாகிறது.

முதல் தடை அழைப்பிலேயே தொடங்குகிறது. முன்பு தண்டோரா போட்டு ஊருக்கு அறிவித்தனர். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, அந்த வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோராவும் ஒலிபெருக்கியும் பார்வையற்றவரை எட்டும், காது கேளாதவரை எட்டா. சுவரில் ஒட்டிய அறிவிப்பு காது கேளாதவரை எட்டும், பார்வையற்றவரை எட்டாது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தி இருவரையும் எட்டக்கூடியது. ஆனால் அது எந்த வடிவில் வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஸ்மார்ட்போன்களில் பார்வையற்றவர்களுக்கான திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதற்கு டாக்பேக் என்று பெயர். கணினியில் என்விடிஏ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. திரையில் உள்ள எழுத்துகளை இவை தமிழில் உரக்கப் படிக்கும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலான அறிவிப்புகள் தாளில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, ஒளிப்படம் எடுத்து அனுப்பப்படுகின்றன. திரைவாசிப்பானுக்கு அது வெறும் 'படம்'. படத்திலுள்ள அச்செழுத்தை அறியும் மென்பொருள்கள் இருக்கின்றன. இருந்தாலும் கையெழுத்து, சாய்ந்த தாள், எழுத்தின் மேல் விழுந்த முத்திரை ஆகியவற்றின் முன் அவை தடுமாறும்.

தட்டச்சு செய்து அனுப்பினாலும் ஒரு சிக்கல் உண்டு. மாணவர்கள் இதைப் புரிந்துகொள்வது நல்லது. கணினி எழுத்தின் உருவத்தை அறியாது. அதன் குறியீட்டு எண்ணையே அறியும். யூனிகோடு முறையில் 'அ' என்ற எழுத்துக்கென்று தனி எண் உண்டு. திரைவாசிப்பான் அந்த எண்ணைக் கண்டதும் 'அ' என்று ஒலிக்கும். பழைய எழுத்துருக்களில் இப்படி இல்லை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால், கணினி தனக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளையே சேமித்துவைக்கும். அந்த எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். திரைவாசிப்பானோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளைப் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு முறையைத் தரமாக அறிவித்துவிட்டது. அலுவலகக் கணினியில் பழைய எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு மாறுவது செலவில்லாத செயல். அந்த ஒரு மாற்றத்தால் ஊராட்சியின் ஒவ்வொரு அறிவிப்பும் பார்வையற்றவர் காதில் தமிழாக ஒலிக்கும்.

கூட்டம்: செல்வது, கேட்பது, பேசுவது

இடத்தைத் தேர்வு செய்வதே முதல் வேலை. கோயில் மண்டபத்திலோ உயரமான திண்ணையுள்ள கட்டடத்திலோ கூட்டம் நடந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நிற்க வேண்டியதுதான். சாய்தளத்துக்கான பொது அளவு 1-க்கு 12 என்பது. 2 அடி உயரத்துக்கு ஏற 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டிய குட்டைச் சாய்தளம் படியைவிட ஆபத்தானது. முறையான சாய்தளமும் கழிப்பறையும் உள்ள பள்ளி வளாகத்திலோ சமதளமான நிழலிலோ கூட்டத்தை வைப்பது எளிய தீர்வு. வேடசந்தூர் வட்டாரத்தில் குக்கிராமங்கள் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஆகவே கூட்டம் நடக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்வது என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

அடுத்தது கேட்பது. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகள் இப்போது தமிழிலும் வேலை செய்கின்றன. கூகுள் 2019-இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் அவற்றுள் ஒன்று. காது கேளாதவர் கைப்பேசியைப் பேசுபவர் அருகே வைத்துவிட்டு, திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கலாம். பலர் ஒரே நேரத்தில் பேசும்போதும், ஒலிபெருக்கி இரையும்போதும், வட்டார வழக்கில் பேசும்போதும் இச்செயலி பிழை செய்யும். ஒருவர் பின் ஒருவராக மைக்கில் பேசுவது என்ற ஒழுங்கு இருந்தால் பிழைகள் பெருமளவு குறையும். அந்த ஒழுங்கினால் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்குமே நன்மை.

பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழியே தாய்மொழி போன்றது. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழியாக இருக்கலாம். திரையில் ஓடும் எழுத்து அவர்களுக்குப் போதாது, மொழிபெயர்ப்பாளர் தேவை. ஒவ்வொரு கிராமத்துக்கும் சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்துவருவது கடினம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒருவர் காணொளி அழைப்பில் இணைந்து மொழிபெயர்ப்பது இயலக்கூடியது. அதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். யாருக்கு என்ன தேவை என்று ஊராட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேச இயலாதவர் தம் கேள்வியைக் கைப்பேசியில் தட்டச்சு செய்து குரலாக ஒலிக்கச் செய்யலாம். மைக்கை அந்தக் கைப்பேசியின் அருகே பிடித்தால் கூட்டம் முழுவதும் கேட்கும். இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். கூட்டத்தை நடத்துபவர் அந்த நேரத்தைப் பொறுமையோடு தர வேண்டும். 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கலாம்' என்பது கிராம சபையில் பேசியதாக ஆகாது. மற்றவர்களோடு அதே நேரத்தில் என்ற நமது இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது.

தீர்மானமும் குறைதீர்ப்பும்

கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்பது தீர்மானப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. அது பெரும்பாலும் கையெழுத்தில் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்து வெளியிட்டால் காது கேளாதவர் படிக்கலாம், பார்வையற்றவர் திரைவாசிப்பான் வழியே கேட்கலாம், வர இயலாதவர் வீட்டிலிருந்து அறியலாம். ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் 'சபாசார்' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையின் ஒலி, ஒளிப் பதிவிலிருந்து கூட்டக் குறிப்புகளைத் தயாரித்துத் தரும் கருவி அது. இப்படிப்பட்ட கருவி எழுதித் தரும் குறிப்பை, கூட்டத்தில் இருந்த ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும். 'ஒப்புதல் இல்லை' என்பது 'ஒப்புதல்' என்று பதிவாகிவிட்டால் ஒருவருடைய வீடு போய்விடும்.

குறைகளைத் தெரிவிப்பதிலும் இதே நிலைதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரை சுமார் 20 கிலோமீட்டர் செல்ல வேண்டும். தொலைபேசியிலும் இணையத்திலும் மனு கொடுக்கும் முறைகள் வந்திருப்பது பெரிய உதவி. எனினும் தொலைபேசி மட்டுமே உள்ள சேவை காது கேளாதவருக்குப் பயன்படாது. இணையப் படிவம் மட்டுமே உள்ள சேவை எழுத்தறிவில்லாதவருக்குப் பயன்படாது. படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்தைக் கண்டறிந்து எழுதச் சொல்லும் 'கேப்ச்சா' பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும். சில நொடிகளில் காலாவதியாகும் ஓடிபி, விரல் இயக்கம் குறைந்தவரைத் தோற்கடிக்கும். ஒரே சேவைக்குக் குரல், எழுத்து, நேரில் என மூன்று வழிகளும் திறந்திருப்பதே சரி. அரசு இணையதளங்களுக்கான இந்திய வழிகாட்டுதல்களும் உலக அளவிலான இணைய அணுகல் தரங்களும் இவற்றைத் தவிர்ப்பதற்கான முறைகளைச் சொல்கின்றன.

நியமன உறுப்பினர்கள்

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரண்டு திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 ஆகியவற்றைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினர்களாக நியமிக்க அவை வழிசெய்தன. நகர்ப்புற உள்ளாட்சிகளில் அப்போது 35 மாற்றுத்திறனாளிகள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்தனர். திருத்தத்தின் வழியே அவ்வெண்ணிக்கை சுமார் 650 ஆகும் என்றும், ஊரகப் பகுதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெறுவர் என்றும் அரசு தெரிவித்தது. நகர்ப்புற நியமனங்களுக்கு 2025 ஜூலையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

இது வரலாற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். நாற்காலி கிடைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பார்வையற்ற உறுப்பினர் ஒருவருக்குக் கூட்டப் பொருள் (அஜெண்டா) ஒளிப்படமாக வந்தால், மற்றவர்கள் படித்துவிட்டு வந்திருக்கும் மன்றத்தில் அவர் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். வரவு செலவு அட்டவணையை ஒழுங்கான கட்டங்களில் தட்டச்சு செய்து கொடுத்தால் திரைவாசிப்பான் ஒவ்வொரு கட்டமாகப் படிக்கும். அவர் கணக்கைக் கேட்டறிந்து கேள்வி எழுப்புவார். காது கேளாத உறுப்பினருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் அவருடைய நியமனம் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தாகவே நின்றுவிடும்.

நியமன உறுப்பினர் என்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. நகராட்சி அமைப்புகளைப் பொறுத்தவரை, சிறப்பு அறிவோ அனுபவமோ உடையவராக நியமிக்கப்படுபவருக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை என்று அரசமைப்பின் 243ஆர் பிரிவு கூறுகிறது. வாக்கு இல்லாதவரின் வலிமை அவர் பேச்சிலும் அவர் கேட்கும் கேள்வியிலுமே இருக்கிறது. ஆகவே தகவல் அவர் படிக்கக்கூடிய வடிவில் உரிய நேரத்தில் கிடைப்பது மற்ற உறுப்பினர்களைவிட அவருக்கு இன்னும் இன்றியமையாதது.

தொழில்நுட்பத்தின் எல்லை

கைப்பேசி எல்லோரிடமும் இல்லை. இருந்தாலும் பல வீடுகளில் ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்துகின்றனர். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் கைக்கு அது கடைசியாகவே வரும். திரைவாசிப்பானை இயக்கப் பயிற்சி வேண்டும். சைகைகளைக் கற்றுக்கொள்ளாமல் டாக்பேக்கை இயக்கிவிட்டால் கைப்பேசியைத் திறக்கவே முடியாது. அரசின் 'விழுதுகள்' சேவை மையங்கள், சிறப்புப் பள்ளிகள், நூலகங்கள் ஆகியவை இப்பயிற்சியை அளிக்க ஏற்ற இடங்கள்.

குடும்பத்தாரின் அன்பும் சில நேரங்களில் தடையாகிவிடுகிறது. 'அவனுக்கு எதுக்கு சிரமம், நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்' என்று அண்ணனோ மாமாவோ கிளம்பிவிடுவது நம் ஊர்களில் வழக்கம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஊராட்சிக்குத் தெரிவது அண்ணனின் தேவை. தம்பியின் தேவை வேறாக இருக்கலாம். உதவிக்கு ஆள் வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் யார் என்பதைத் தீர்மானிப்பவர் மாற்றுத்திறனாளியே.

ஓர் ஊராட்சி உடனே செய்யக்கூடியவை

பெரிய நிதி ஒதுக்கீடு இல்லாமலேயே பின்வருவனவற்றைச் செய்ய முடியும்.

1. கிராம சபை அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்வதோடு, யூனிகோடில் தட்டச்சு செய்த எழுத்துச் செய்தியாகவும், ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்புதல். முத்திரையிட்ட தாளின் படத்தையும் உடன் சேர்க்கலாம், அது மட்டுமே போதாது.

2. ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளிடம் அவர்களுடைய தேவையைக் கேட்டுப் பட்டியல் வைத்திருத்தல். அவர்கள் சம்மதத்துடன் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பட்டியலைப் பொதுவில் ஒட்டக் கூடாது.

3. சமதளமான, சாய்தளமுள்ள இடத்தில் கூட்டம் நடத்துதல். முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விடுதல்.

4. ஒருவர் பின் ஒருவராக மைக்கில் பேசுதல். பேசுபவர் தம் பெயரைச் சொல்லித் தொடங்குதல். பார்வையற்றவருக்குப் பேசுவது யார் என்று அப்போதுதான் தெரியும்.

5. தீர்மானங்களைச் சிறு வாக்கியங்களில் எளிய தமிழில் தட்டச்சு செய்து வெளியிடுதல். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கும் இது பயன்படும்.

6. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தொட்டறியும் வாக்குச்சீட்டு உறை வேண்டும் என்று கிராம சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்புதல். 2016 சட்டத்தின் 11-ஆவது பிரிவை அத்தீர்மானத்தில் குறிப்பிடலாம்.

இவை நடைபெறாதபோது ஊராட்சி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்ற வரிசையில் எழுத்து மூலம் முறையிடலாம்.

மாணவர்களும் இதில் உதவ முடியும். தம் ஊராட்சியின் அறிவிப்பு ஒன்றை எடுத்து, கைப்பேசியின் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். தேதி, இடம், பேசப்படும் பொருள் ஆகிய மூன்றும் காதில் விழுந்தால் அந்த அறிவிப்பு நல்ல அறிவிப்பு. விழாவிட்டால் அதை யூனிகோடில் தட்டச்சு செய்து ஊராட்சிச் செயலரிடம் கொடுக்கலாம். பத்து நிமிட வேலைதான். அடுத்த கிராம சபைக்கு ஒருவர் யாரையும் கேட்காமல் தாமாகவே நேரமறிந்து வந்து சேர அது போதும்.